கடலோர வீட்டுக்கு எந்தக் கம்பி? சாதா டிஎம்டி, சிஆர்எஸ், எபாக்சி, கால்வனைஸ்

கடலை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள் கம்பிக் கடையில் முதலில் கேட்பது, துருப்பிடிக்காத கம்பி எது என்றுதான். வீடு கட்டும் விலையில் அப்படி ஒன்று இல்லை. உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு கிளம்பும். துரு, இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், வெடித்து உதிரும். உப்பைத் தாமதப்படுத்துவது கான்கிரீட்டின் வேலை. கம்பி அடுத்ததுதான்.

எஃப்இ 500டி என்ற வலிமை ரகத்தில் வரும் சாதா டிஎம்டி கம்பியை வைத்தே நல்ல வீடு கட்டலாம், கான்கிரீட் சரியாக இருந்தால். கடற்கரைச் சூழலுக்கு இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456:2000 கேட்பது: குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, கவர் 45 மி.மீ. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர்தான்; மணலிலுள்ள ஈரமும் அதில் அடக்கம். வாளிக் கணக்கில் ஊற்றினால் 30 லிட்டர் சுலபமாகப் போய்விடும். தூணில் கவரை, மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் வெளிப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும், மெயின் கம்பியிலிருந்து அல்ல. போர் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டினால் கலவைக்கு எடுக்காதீர்கள், க்யூரிங்குக்கும் (கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுக விடுவதற்கும்) வேண்டாம்.

சிஆர்எஸ் என்பது துருவை எதிர்க்கும் எஃகு; இந்தக் கம்பியில் செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு சேர்ந்திருக்கும். துருவை மெதுவாக்கும், நிறுத்தாது. வளைப்பதும் கட்டுவதும் சாதா கம்பியைப் போலவே என்பதால் கம்பி கட்டுகிறவர் கெடுக்க வழி குறைவு. கூடுதல் விலை கட்டுப்படியானால் வாங்கலாம். அதை நம்பிக் கவரை 25 மி.மீ. ஆக்கினால் கொடுத்த பணம் வீண்.

எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பி காகிதத்தில் அருமை, தளத்தில் ஆபத்து. இழுக்கும்போது, வளைக்கும்போது, வைப்ரேட்டர் உரசும்போது பூச்சு கீறினால் துரு அந்த இடத்திலேயே குவியும். வெட்டு முனைகளைத் திரும்பப் பூச வேண்டும், பூச்சுள்ள கட்டுக்கம்பி வேண்டும், கான்கிரீட் பிடிப்பு குறைவதால் லேப் நீளமும் (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம்) கூட வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடா கீஸ் பாலங்களில் இந்தக் கம்பி சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்தது 1986இல் தெரியவந்தது. தனி வீட்டுக்கு இதை எடுக்கவே வேண்டாம்.

கால்வனைஸ் கம்பி, துத்தநாகம் பூசியது; இதில் சிறு கீறலைச் சுற்றியுள்ள துத்தநாகமே காக்கும். விலை அதிகம் என்பதால் முழு வீட்டுக்கும் தேவையில்லை. சன்ஷேடு, பால்கனி போன்ற மெல்லிய பகுதிகளுக்குப் பொருந்தும். பூச்சில்லாத கருப்புக் கம்பியோடு தொட்டுக் கட்டக்கூடாது. சன்ஷேடின் கனத்தையும் கூட்ட வேண்டும்: 75 மி.மீ. பலகையில் மேல்பக்கம் 45 மி.மீ. கவர் விட்டால் 8 மி.மீ. கம்பிக்குக் கிடைக்கும் ஆழம் (பலகையின் அடியிலிருந்து கம்பியின் மையம் வரை) 26 மி.மீ. மட்டுமே. சுவரோரம் 125 மி.மீ. வைத்து, மேல் கம்பியை மிதித்து இறக்கிவிடாதபடி அதைத் தாங்கி நிற்கும் ‘சேர்’ (நாற்காலி) கம்பி கொடுங்கள்.