லியூசினா, ஃபீனைல்அலனினா? ஈஸ்ட் தரும் இரண்டு வாசனைகள்

வேலூர் மே மாத வெக்கையில், பன்னுக்கு ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிட்டால் காலையில் மூடியைத் திறந்ததும் ஒரு நெடி அடிக்கும் பாருங்கள், அதில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்கும் (புரதத்தின் கட்டுக்கல்) பங்கு உண்டு.

லியூசின், ஃபீனைல்அலனின் என்ற இரண்டு அமினோ அமிலமும் ஈஸ்டுக்குள் ஆல்கஹாலாக மாறும் வழி ஒன்றுதான், 1907இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபெலிக்ஸ் ஏர்லிக் முன்வைத்தது, பின்னால் வந்தவர்கள் திருத்தியது. ஒரு நொதி அமினோ தொகுதியைக் கழற்றுகிறது, ஈஸ்டுக்கு அதிலிருந்து நைட்ரஜன் கிடைக்கிறது. அடுத்தது கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கிறது, மிஞ்சும் ஆல்டிஹைடைக் கடைசி நொதி ஆல்கஹாலாக்கிவிடுகிறது. ஆனால் முதல் படியில் வேலை செய்யும் நொதி வேறு: லியூசினுக்கு முக்கியமாக பேட்1, பேட்2, ஃபீனைல்அலனினுக்கு ஏரோ8, ஏரோ9.

லியூசினிலிருந்து வருவது ஐசோஅமைல் ஆல்கஹால், 5 கார்பன், காட்டமான வாடை. அதே பொருள் அசிடேட்டாக (அசிட்டிக் அமிலப் பகுதி சேர்ந்த சேர்மமாக) மாறினால் வாழைப்பழ வாசனை, இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஃபீனைல்அலனின் தருவது 2-ஃபீனைல்எத்தனால். சரி, அது எப்படி மணக்கும் என்றால், நம்ம ஊர்ப் பூக்கடையில் பன்னீர் ரோஜாவை முகர்ந்து பாருங்கள், அந்த மணத்தில் இதே பொருள் இருக்கிறது.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சூடு ஏறினால் பொதுவாக இந்த வகை ஆல்கஹால்கள் கூடும், அதனால் நெடி ஏறாமல் இருக்க கோடையில் மாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.