தண்டையார்பேட்டையில் மூன்று கார்கள்: எது உறுதி, எது உழைத்தது?

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கதவைத்தான் சாத்திப் பார்ப்பார்கள். 'தொப்' என்று விழுந்தால் நல்ல வண்டி, 'டங்' என்றால் டப்பா வண்டி. நான் வைத்திருந்த கார்களில் 'தொப்' என்று சாத்தியதுதான் ஒர்க்‌ஷாப்பில் அதிகம் கிடந்தது. 'டங்' வண்டி ஒருநாள்கூட என்னை வழியில் நிறுத்தவில்லை. ஆனால் அதைத் துரு தின்றது. பாடி உறுதி ஒரு கணக்கு, நம்பி ஓட்டலாமா என்பது இன்னொரு கணக்கு. எங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டை மாதிரி கடலை ஒட்டிக் குடியிருந்தால் உப்புக்கும் தனியாகக் கணக்கு போட வேண்டும்.

கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், வீண் சண்டை. முதலில் ஒரு சின்ன பெட்ரோல் கார், அடுத்தது டீசல் செடான், இப்போது ஒரு காம்பாக்ட் எஸ்யூவி. மூன்றுமே வெயிலிலும் மழையிலும் தெருவில் நின்றவை.

சின்ன கார் இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆயில், ஃபில்டர், பிளக், நடுவில் ஒரு க்ளட்ச் பிளேட், அவ்வளவுதான். எடை குறைவு என்பதால், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்த பள்ளங்களில் இறங்கி ஏறியும் சஸ்பென்ஷன் தாங்கியது. தேய்ந்த புஷ் மாற்றினால் சரி. பழைய பார்ட்ஸ் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கிடைத்துவிடும்.

அதன் வியாதி கதவுக்குள் இருந்தது. கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் எல்லாக் காரிலும் கதவுக்குள் இறங்கும். அது வடிவதற்குக் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். லாரிப் புழுதி அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். காசிமேட்டுப் பக்கம் காற்றிலும் உப்பு, மீன் வண்டியிலிருந்து ரோட்டில் ஒழுகும் தண்ணீரிலும் உப்பு. வெளியே பெயிண்ட் லேசாகக் குமிழ் விட்டபோதே உள்ளே தகடு போயிருந்தது. டிங்கரிங் கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் குத்தினார், அது நேராக உள்ளே போனது. "இன்னாண்ணா, இதுல பட்டி வெச்சா நிக்காது. வெட்டிட்டு வேற தகடு வெல்டிங் போடணும்" என்றார்.

செடான் இதற்கு நேர்மாறு. அது துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். விற்கும் நாள்வரை அந்தக் காரின் அடியில் துருப்பொட்டு கிடையாது. ஆனால் இன்ஜெக்டர், கதவுக் கண்ணாடி மோட்டார், ஏசி கண்டென்சர் என்று ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருந்தது. பார்ட்ஸ் வரக் காத்திருக்க வேண்டும், வந்தால் பில் பயமுறுத்தும். டீசலுக்கு இந்த ஏரியா ஓட்டமும் ஒத்து வராது. டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) ஊர்ந்தே போனால் இன்ஜின் சரியாகச் சூடேறாது, புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். ஃபில்டரும் சேர்ந்தது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் அதற்கு எங்கே இடம்?

எஸ்யூவியின் பாடியில் இதுவரை குறையில்லை. தொல்லையெல்லாம் வயரிங்கில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தெருத் தண்ணீர் காருக்குள் வந்து தரைக் கார்பெட் நனைந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரம் கழித்து டேஷ்போர்டில் வார்னிங் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்கள் பச்சை பூத்திருந்தன. சின்ன காரில் அந்த இடத்தில் வயரே கிடையாது!

ஸ்டார் ரேட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-ல், கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத ஐந்து இந்திய கார்களுக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம்தான் கிடைத்தது. கனமான கதவுக்குப் பெயர்போன ஃபோக்ஸ்வேகன் போலோவும் அதில் உண்டு. அதே போலோ இரண்டு ஏர்பேக்குகளோடு வந்தபோது நான்கு ஸ்டார். 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து வாங்கியது. மோதினால் உயிர் தப்புமா என்பதற்கு ஸ்டாரைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஐந்தாவது வருஷத்தில் கண்டென்சர் ஒழுகுமா என்பதை அது சொல்லாது.

எனக்கு இன்று ஒன்றே ஒன்று எடு என்றால், துத்தநாகத் தகடு, பெட்ரோல் இன்ஜின், ஆறு ஏர்பேக், எலக்ட்ரானிக்ஸ் குறைவான கீழ் வேரியன்ட். பழைய கார் தேடுகிறவர்கள், அதுவும் எண்ணூர், மணலி பக்கம் ஓடிய வண்டி என்றால், போனட்டைத் திறப்பதற்கு முன் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு கதவுகளின் அடி விளிம்பையும் விரலால் தடவுங்கள். புது பெயிண்ட் அங்கே மட்டும் தடிப்பாக இருந்தால் விலை பேசவே வேண்டாம்.