வறண்ட சருமத்துக்கு யூரியா கிரீமும் பெட்ரோலியம் ஜெல்லியும்: எது எந்த வேலைக்கு?

கெண்டைக்காலில் நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது. கறுப்புத் துணியைக் கழற்றினால் உள்பக்கம் மாவு தூவியதுபோல் பொடி. காலையில் லோஷன் போட்டும் மத்தியானத்துக்குள் தோல் இழுத்துப் பிடிக்கிறது. இப்படி ஆண்டு முழுக்க வறண்டிருக்கும் சருமத்துக்கு பம்ப் பாட்டில் லோஷன் பத்தாது. அதில் பெரும்பங்கு தண்ணீர். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் வழிந்துவிடும். கெட்டியான கிரீம் விட்ட இடத்திலேயே நிற்கும். அப்படி நிற்கிறதைத்தான் வாங்க வேண்டும்.

முதலில் வாங்கச் சொல்வது, வாசனை சேர்க்காத 10 சதவீத யூரியா கிரீம். யூரியா நம் தோலின் மேலடுக்கில் இயல்பாகவே உள்ள பொருள். நீரைப் பிடித்து வைக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும் செதில்களையும் தளர்த்தும். வெறும் எண்ணெய்ப்பசையால் இந்த இரண்டாவது வேலை ஆகாது. செதிலுக்கு மேல் எதைப் பூசினாலும் பளபளப்புதான் மிஞ்சும், சொரசொரப்பு போகாது.

சதவீதம் கூடினால் நல்லது என்று நினைத்து 20, 30 என்று வாங்கிக் கைகாலெல்லாம் தடவுபவர்கள் நிறைய. அந்த அளவில் யூரியா தடித்த தோலைக் கரைக்கும் மருந்து, அதன் இடம் குதிகால். மெல்லிய தோலில் எரியும், சிவக்கும். பிளவில் ரத்தம் கசிந்தால் 10 சதவீதமே சுரீரென்று எரியும். அங்கே பிளவு மூடும்வரை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போடுங்கள். முகத்துக்கு கிளிசரினும் செராமைடும் (தோலில் இயல்பாகவே உள்ள ஒருவகைக் கொழுப்பு) உள்ள கிரீம் போதும். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் யூரியா வேண்டாம்.

பெட்ரோலியம் ஜெல்லி 1872-இல் வாஸ்லின் என்ற பெயரில் காப்புரிமை பெற்ற பழைய சரக்கு. தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச இன்றும் ஆளில்லை. ஆனால் அது மூடி மட்டுமே, தன்னிடமிருந்து ஒரு துளி நீரும் தராது. காய்ந்த தோலில் தடவிவிட்டு “பிசுபிசுப்புதான் மிச்சம், பலனில்லை” என்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஈரத்தின் மேல் போட வேண்டிய பொருள் அது.

குளியல் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள் கிரீம். ரோமம் படியும் திசையில் இழுத்துத் தடவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் ரோமக்கால் அடைத்துச் சிறு கொப்புளம் கிளம்பும். அதன் மேல், மிக வறண்ட இடங்களில் மட்டும், பட்டாணி அளவு ஜெல்லியை உள்ளங்கையில் சூடாக்கிப் பூசுங்கள்.

பலருக்கும் பலன் கிடைக்காததற்குப் பெரிய காரணம் அளவு. டியூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி முதல் முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது சரியாக வரும். பெரியவரின் ஒரு காலுக்குப் பாதம் சேர்த்து 8 விரல்நுனி, அதாவது 4 கிராம். இரண்டு காலுக்கும் நாளைக்கு இருவேளை என்றால் 16 கிராம். 50 கிராம் டியூப் மூன்றே நாளில் தீர வேண்டும்! ஒரு மாதம் வருகிறதென்றால் தடவுவது போதவில்லை. ஆகவே சின்ன டியூபை விட்டுப் பெரிய டப்பாவாக வாங்குவதே சரி. கையை விட்டு எடுக்காமல் சுத்தமான ஸ்பூனால் எடுத்தால் கிருமி சேராது.

புதிய கிரீமை முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு வாரம் இருவேளை தடவிப் பாருங்கள். வாசனைப் பொருளும் லனோலினும் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) சிலருக்கு ஒவ்வாது.

ஒன்றை டப்பாவிலேயே பெரிதாக அச்சிட்டிருக்கலாம்: கிரீமோ ஜெல்லியோ ஊறிக் காய்ந்த துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, சிகரெட், விளக்குப் பக்கம் அந்தத் துணியோடு போகாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால், நீர் கசிந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகளும் தோலை இப்படிக் காயவைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் குதிகாலில் வெடிப்பு வந்தால் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். அவர்கள் கால்விரல் இடுக்கில் எந்தக் கிரீமும் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பூஞ்சை பிடிக்கும்.