மலையகத்து ஈரத்தில் ஸ்பூல் மெஷின்: பெரிய ஸ்டூடரா, சின்ன ரெவொக்ஸா?

ஹட்டன் பக்கத்தில் வீட்டில் ஒரு ஸ்டூடியோ தர ஸ்பூல் மெஷின் (பெரிய ஸ்பூலில் சுற்றிய டேப்பில் ஒலி பதிகிற மெஷின்) வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஆட்கள் முதலில் கேட்பது "எதற்கு?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லப் போவதில்லை, ஆசை இருப்பவருக்குத் தெரியும். இரண்டாவதாகக் கேட்பது "எதை வாங்கலாம்?" என்று, அதற்குத்தான் இது. நான் வாங்கியது ரெவொக்ஸ் பிஆர்99 (PR99). வாங்காமல் விட்டது ஸ்டூடர் ஏ80, கொழும்பில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தைக் கலைத்தபோது விலைக்கு வந்தது, விலையும் நியாயமானது. ஆகவே நடுநிலையாக எழுதுகிறேன் என்று பாசாங்கு செய்ய மாட்டேன்.

இரண்டுமே வில்லி ஸ்டூடரின் சுவிஸ் கம்பனியில் இருந்து வந்தவை. ஏ80 1970 இல் வந்தது, பதிவுக் கூடங்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் என்றே செய்தது. பிஆர்99 அப்படியில்லை, வீட்டுப் பாவனைக்கு 1977 இல் வந்த பி77 (B77) இன் உடம்பை எடுத்து, ஸ்டூடியோக்களில் பாவிக்கிற பலன்ஸ்ட் எக்ஸ்எல்ஆர் இணைப்புகளும், டேப்பை வெட்டி ஒட்ட வசதியாகத் திறந்த ஹெட் பகுதியும் (ஹெட் என்பது டேப்பில் பதிகிற, வாசிக்கிற முனை) போட்டு நிலையங்களுக்கு விற்றார்கள். அதனால் பெரிய மெஷின்காரர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. பார்க்கட்டும்.

சத்தத்தில் ஏ80 தான் மேல், அதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. ஸ்பூலில் டேப் குறையக் குறைய இழுவிசையை அதுவே அளந்து சரிசெய்துகொண்டு போகும். பிஆர்99 இல் அந்த வசதி கிடையாது, ஸ்பூல் பெரிதா சிறிதா என்று சொல்ல ஒரு சுவிட்ச் மட்டும். நாதஸ்வரத்தில் நீண்டு நிற்கிற ஒரு சுரத்தைப் பதிந்து கேட்டால் அந்த வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்லை, ஏ80 ஐக் கேட்டது விற்பனைக்கு வைத்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம்தான். ஆனால் பிஆர்99 இல் எனக்குக் குறை என்று ஒன்றும் காதில் விழவில்லை. காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளத்தை விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் கொஞ்சம் கூடுதலான அளவில் பதிந்தால், அடியின் கூர் டேப்பிலேயே சற்று மழுங்கி, மீட்டர் காட்டுவதை விடக் கனமாகத் திரும்பி வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். (விடிய விடிய நடக்கிற கூத்து முழுவதையும் பதிய நினைக்காதீர்கள். பத்தரை அங்குல ஸ்பூலில் 2500 அடி டேப், 15 அங்குல வேகத்தில் 33 நிமிடத்தில் முடிந்துவிடும், அந்த வேலைக்குக் கையடக்கமான டிஜிட்டல் ரெக்கோடர் போதும்.)

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். தாத்தா பதிந்து வைத்த ஸ்பூலைக் கேட்பதுதான் நோக்கம் என்றால் இரண்டையும் வாங்காதீர்கள். வீடுகளில் இருந்த சின்ன ரெக்கோடர்கள் பெரும்பாலும் நாலு ட்ராக் (டேப்பின் அகலத்தை நாலாகப் பிரித்து, திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் பதிவது), 3¾ அங்குல வேகம். ஸ்டூடியோ மெஷின் இரண்டு ட்ராக், 7.5 அல்லது 15. வேகம் ஒத்துவராது, ஒத்துவந்தாலும் மற்றப் பக்கத்தில் பதிந்தது தலைகீழாகக் கூடவே கேட்கும். அதற்கு நாலு ட்ராக் பி77 ஒன்று தேடுங்கள்.

சரி, ஈரத்துக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். மற்ற நாட்டுக்காரர்கள் எழுதுகிற ஒப்பீடுகளில் இது ஒரு வரியில் போய்விடும், இங்கே அதுதான் கதையே.

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் பக்கமெல்லாம் மாதக்கணக்கில் துணி காயாது, சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும், அலுமாரியில் இருக்கிற பிறப்புச் சான்றிதழ் கூட நமத்துப்போகும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, வெலிமடையில் வறண்ட காற்று அடிக்கும், ஆகவே ஊவாப் பக்கத்தவர்கள் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு மழை வருடக் கடைசியில்தான்.

இந்த ஈரம் மெஷினுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய மெஷின்களில் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ரிஃபா என்ற மார்க் போட்ட கடதாசிக் கண்டென்சர்கள் இருக்கும், மஞ்சள் கலந்த பளபளப்பான பிளாஸ்டிக் உறை. வயதானால் உறையில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும். வெடிப்பு வழியாக உள்ளே இருக்கிற கடதாசி ஈரத்தை உறிஞ்சும். பிறகு ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க நாற்றமான புகை. காய்ந்த ஊரிலேயே இது நடக்கிறது, நம் ஊரில் நடக்குமா என்று கேட்கவே தேவையில்லை. எந்த மெஷினை வாங்கினாலும் முதலில் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வைத்த பிறகுதான் ப்ளக்கைச் சொருக வேண்டும். பிஆர்99 இல் அது ஒரு பின்னேர வேலை, சோல்டரிங் தெரிந்த எவரும் செய்யலாம்.

அடுத்தது தொடுமுனைகள். ஏ80 இன் முழு அழகும் அதன் அட்டைகளில்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சேர்க்கிட் அட்டை, இழுத்து எடுத்துச் சரிபார்த்துத் திரும்பச் சொருகலாம். நிலையத்தில் இரவும் பகலும் பொறியியலாளர் இருக்கிற இடத்துக்கு அதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை. வீட்டில், ஈரத்தில், அந்த ஒவ்வொரு சொருகலும் கறுத்துப்போகக்கூடிய ஓர் இடம். இன்று இடப்பக்கச் சத்தம் போகும், அட்டையை ஆட்டினால் வரும், அடுத்த வாரம் ரிலே ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிஆர்99 இலும் அட்டைகளும் ரிலேயும் இருக்கின்றன, அங்கேயும் அளவைச் சரிசெய்கிற சின்னச் சின்னத் திருகுகள் (ட்ரிம்மர்) ஊத்தை பிடித்து வேலை செய்யாமல் போகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எண்ணிக்கை குறைவு. எது போனது என்று தேடும் நேரமும் அதற்கேற்பக் குறைவு.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயத்தை நான் எங்கேயும் எழுதிப் பார்த்ததில்லை: பிஆர்99 அலுமாரிக்குள் போகும். 19 அங்குல ரெக்கில் பூட்டுகிற அகலம், ஸ்பூலைக் கழற்றிவிட்டால் ஒரு சாதாரண மர அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தலாம். உள்ளே ஒரு 25 வோட் குண்டு பல்ப் எரியவிட்டால் காற்று இரண்டு மூன்று பாகை சூடாகி ஈரப்பதன் கீழே இறங்கிவிடும். கெமராவையும் சான்றிதழ்களையும் காப்பாற்ற இங்கே காலங்காலமாகச் செய்கிற வேலைதான் இது (இப்போது குண்டு பல்ப் தேடுவதுதான் கஷ்டம், எல்இடி பல்ப் சூடு தராது, அதைப் போட்டு ஏமாறாதீர்கள்). பாவிக்கிற நாளில் வெளியே எடுத்து, அரை மணி நேரம் சும்மா ஓனில் விட்டு, உடம்பு சூடான பிறகு டேப்பைப் போட்டால் போதும்.

ஏ80 ஐ எந்த அலுமாரிக்குள் வைப்பது? அது தள்ளுவண்டியில் நிற்கிற ஒரு தளபாடம். அதைக் காயவைக்க அறை முழுவதையும் காயவைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமே என்றால், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற கொம்ப்ரசர் வகை குளிர் அறையில் சரியாக வேலை செய்யாது, வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே போனால் சுருளில் பனி பிடித்துக்கொள்ளும். நுவரெலியாவில் 1868 மீற்றர் உயரத்தில் இருப்பவருக்கு இரவில் அது அனேகமாகப் பிரயோசனமில்லை. சிலிக்கா மாதிரி உலர்த்தியைச் சுழற்றுகிற வகை வேலை செய்யும், ஆனால் அது கரண்டைக் குடிக்கும், மழைக்காலம் முழுவதும் ஓட விட்டால் மின்சார பில்லைப் பார்த்துவிட்டு வீட்டில் உங்களையும் மெஷினையும் சேர்த்தே வெளியே வைப்பார்கள்.

டேப்புக்கும் இதே கதைதான், மெஷின் எதுவானாலும். 70களின் நடுவில் இருந்து வந்த பல ஸ்டூடியோ டேப்புகளில், குறிப்பாக அம்பெக்ஸ் 456 இல், காந்தத் துகளை ஒட்டிவைக்கிற பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துப் பிசுபிசுத்துவிடும். ஓடவிட்டால் கீச்சிட்டுக்கொண்டு ஹெட்டில் பழுப்பு நிறமாக அப்பும். 54 பாகை அளவில் எட்டு மணி நேரம் போல மெதுவாகச் சூடாக்கினால் கொஞ்ச காலத்துக்குச் சரியாகும், அதற்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஃபெக்டரி ட்ரையரில் வைக்கலாமே அண்ணே என்று ஒரு தம்பி கேட்டான். தேயிலை ட்ரையருக்குள் போகிற காற்று 90 பாகைக்கு மேல், டேப் சுருண்டுவிடும். வினாகிரி மணக்கிற பழைய அசிற்றேற் டேப்பை எந்தச் சூட்டிலும் வைக்கக் கூடாது. பழைய டேப்பை நம்புவதை விடப் புதியது வாங்குவது நல்லது, பிரான்சில் ரெக்கோர்டிங் த மாஸ்டர்ஸ் என்ற பெயரில் இன்னும் செய்கிறார்கள். விலை? அதைப் பேசாமல் விடுவோம்.

தூக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிஆர்99 சுமார் 18 கிலோ. ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம், கால் மரத்துப்போகும், அவ்வளவுதான். ஏ80 க்கு லொறியும் ஆட்களும் வேண்டும், ரோட்டில் இருந்து வீட்டுக்குப் படிக்கட்டு இறங்குகிறவர்கள் இந்தப் பக்கம் பாதிப் பேர். பழுதுபார்க்கிறவர் உங்கள் வீட்டுக்கு மலையேறி வர வேண்டும் என்றால் அவர் வருகிற நாள்தான் மெஷின் ஓடுகிற நாள். இந்த மெஷின்களைத் தொட்ட அனுபவம் உள்ளவர்கள் நாட்டில் குறைவு, வானொலியில் வேலை செய்து ஓய்வுபெற்ற வயதானவர்கள்தான் பெரும்பாலும், அவர்களை மலையேற்றுவது நியாயமும் இல்லை.

உதிரிப்பாகத்தில் பிஆர்99 க்கு ஒரு அனுகூலம்: பி77 இன் பாகங்கள் நிறைய அப்படியே பொருந்தும். பிஞ்ச் ரோலர், பிரேக் பட்டி, கண்டென்சர் கிட் எல்லாம் ஒரு சின்னப் பொதியில் தபாலில் வரும். ரெவொக்ஸ் கம்பனி பி77 ஐ மார்க் 3 என்று திரும்பவும் செய்ய ஆரம்பித்திருக்கிறது, அது வயிற்றில் பால் வார்த்த செய்தி. ஏ80 க்கும் பாகம் கிடைக்கிறது, ஆனால் விற்கிறவர்கள் அதை ஸ்டூடியோ முதலாளிக்கு விற்கிற விலையில்தான் விற்கிறார்கள். ஹெட் தேய்ந்தால் இரண்டுக்கும் செலவுதான், வாங்கும்போதே ஹெட்டின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், டேப் ஓடிய இடம் அகலமாகத் தட்டையாகி ஓரத்தில் படி தெரிந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள்.

கரண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இருந்து மலிவாக வருகிறது என்று அம்பெக்ஸ் 351 மாதிரி பழைய மெஷின் பக்கம் போகாதீர்கள். அதன் டேப்பை இழுக்கிற கெப்ஸ்டன் மோட்டர் கரண்டின் 60 ஹேட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது, நம் 50 இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிச் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ட்ரான்ஸ்ஃபோர்மர் போட்டால் வோல்ட் மாறும், ஹேட்ஸ் மாறாது. பிஆர்99 இல் மோட்டரின் வேகத்தை மின்னணு முறையில் அளந்தே கட்டுப்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை. வோல்ட் தெரிவை 240 இல் வையுங்கள், 220 இல் வேண்டாம், இரவு நேரத்தில் நம் லைன் எங்கே ஏறும் என்று சொல்ல முடியாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி கேட்டால் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை ஓஃப் பண்ணினால் போதாது.

ஒட்டாரி எம்எக்ஸ்-5050 பற்றியும் கேட்பார்கள். ஜப்பான் மெஷின், கட்டுமானம் உறுதி, நாலு ட்ராக் டேப்பை வாசிக்கத் தனி ஹெட் ஒன்றும் பல மாதிரிகளில் உண்டு, மேலே சொன்ன தாத்தா பிரச்சினைக்குப் பாதி மருந்து அது. பேராதனைப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது, கொஞ்சம் பாவித்துப் பார்த்தேன், பிடித்திருந்தது. ஆனால் அது மழைக்காலம் ஒன்றை இந்தப் பக்கம் எப்படித் தாண்டும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அதோடு பழக்கமில்லை. நல்ல நிலையில் கிடைத்தால் பிஆர்99 க்காகக் காத்திருக்காமல் வாங்கலாம் என்றுதான் நினைக்கிறேன், அளவும் அலுமாரிக்கு அடங்கும், அளந்து பார்த்துவிட்டேன்.

திரும்ப விற்பதைப் பொறுத்தவரை, ஏ80 ஐ வாங்குகிறவர் கொழும்பில்தான் இருப்பார், அவரும் "கொண்டுவந்து இறக்கிக் கொடுங்கள்" என்பார். பிஆர்99 ஓடுகிற நிலையில் இருந்தால் ஆள் வரும், ஓடாத நிலையில் இருந்தாலும் பி77 வைத்திருக்கிற யாராவது பாகத்துக்காகக் கேட்பார். விற்கும் எண்ணம் எனக்கில்லை, ஆனாலும் மரப்பெட்டியையும் கையேட்டையும் எறியாமல் வைத்திருக்கிறேன்.