நெட்வேர்க் கார்ட் இன்டரப்ட்டை நான்கு கோருக்கும் பிரித்துவிட்ட அனுபவம்

வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியின் இன்டர்நெட் கேட்வேயை, அதாவது உள் நெட்வேர்க்கை இன்டர்நெட்டோடு இணைக்கும் கம்ப்யூட்டரை, 2021 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். செலரான் ஜே1900 புரொசசர், நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), லினக்ஸ். போர்டோடு வந்த ரியல்டெக் போர்ட்டுகளே போதும் என்று தொடங்கினோம்.

பின்னேரம் ஆறு மணிக்கு உயர்தரப் பரீட்சைக்கான சூம் வகுப்புகள் எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வரும். "லைன் பிரச்சினை தம்பி, கொம்பனிக்கு எடுத்துச் சொல்லுங்கோ" என்பார் சேர். இரண்டு தரம் சொல்லியும் பார்த்தேன். பிறகு ஒருநாள் புரொசசரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் 1ஐ அழுத்தி கோர் கோராகப் பார்த்தபோதுதான் விளங்கியது. முதல் கோர் 100 வீதம், மற்ற மூன்றும் சும்மா. வரும் டேட்டா காத்திருக்கக் கார்டுக்கு இருந்தது ஒரே வரிசை, அதற்கு ஒரே இன்டரப்ட் ("டேட்டா வந்திருக்கிறது, கவனி" என்று கார்ட் கோருக்குக் கொடுக்கும் சைகை). எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் நூற்றுக்கணக்கான ஃபயர்வால் விதிகளையும் அந்த ஒரு கோரே சுமந்துகொண்டிருந்தது.

இன்டரப்ட் எந்தக் கோருக்குப் போகலாம் என்று சொல்லும் கோப்பில் நான்கு கோரையும் அனுமதித்து எழுதினேன். ஒன்றும் மாறவில்லை. ஒரே இன்டரப்ட் என்றால், எத்தனை கோரை அனுமதித்தாலும் அது ஒன்றில்தான் போய் விழுகிறது.

2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. புது ரவுட்டர் விலை கேட்கவே பயமாக இருந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழைய இன்டெல் ஐ350 கார்ட் ஒன்று, இரண்டு போர்ட்டோடு கிடைத்தது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் 8 வரிசை வரை தாங்கும். நான்கு கோருக்கு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நான்கு வரிசையைத் திறந்தது. வரிசைக்கு ஒரு கோர் என்று கையால் கட்டிவிட்டேன். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இன்டரப்ட் கணக்கைத் திறந்து வைத்துப் பார்த்தால், உள் போர்ட்டில் நான்கு வரிசையிலும் எண் ஏறுகிறது. வெளி போர்ட்டில் முதல் வரிசை மட்டும் ஏறுகிறது, மற்ற மூன்றும் அசையவில்லை. ஒரு முழுக் கிழமை கார்ட் பழுது என்றே நினைத்தேன். காரணம் பிபிபிஓஇ, அதாவது டேட்டாவை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும் இணைப்பு முறை. எங்கள் ஃபைபர் லைன் அதில்தான் வருகிறது. எந்த வரிசைக்கு அனுப்புவது என்று கார்ட் டேட்டாவில் எழுதியிருக்கும் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் (கேபிள் செருகும் போர்ட் அல்ல) வைத்துத்தான் முடிவெடுக்கும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபியை இந்தக் கார்ட்டால் பார்க்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் முதல் வரிசையில் கொட்டிவிடும்.

தீர்வு லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே இருந்தது. ஆர்பிஎஸ் என்ற வசதி 2010இல் லினக்ஸ் 2.6.35இல் வந்தது. டேட்டாத் துண்டான பாக்கெட்டைக் கார்ட் எந்தக் கோரில் போட்டாலும், கேர்னல் உறையைப் பிரித்துப் பார்த்து வேறு கோருக்கு அனுப்பும். இன்டரப்ட் விழும் முதல் கோரை விட்டு மற்ற மூன்றுக்கும் அனுப்பச் சொன்னேன்: ஹெக்ஸ் எண் முறையில் 'ஈ' (E), அதாவது 1110; கடைசி 0தான் விட்டுவிட்ட முதல் கோர். அன்று பின்னேரம் ஆறரைக்கு எந்தக் கோரும் 60 வீதத்தைத் தாண்டவில்லை. அப்புறம் சேருக்குச் சொன்னேன். "நான் சொன்னேன்தானே, லைனைச் சரி பண்ணிட்டாங்கள்" என்றார்.

ஒற்றைப் பெரிய டவுன்லோட் மட்டும் இதனால் வேகமாகாது. பாக்கெட்டுகள் வந்த ஒழுங்கு குலையக்கூடாது என்பதற்காக ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கோருக்குத்தான் போகும். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. இங்கே நூறு பேர், நூறு இணைப்பு.

அந்த வருடம் மின்வெட்டு நாளாந்தம். பெட்டி நின்று எழும்பும்போதெல்லாம் இந்த அமைப்புகள் அழிந்துபோகும். கையால் எழுதிக் களைத்து, தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஆக்கினேன். இன்டரப்ட் எண்ணை அதில் நேரடியாக எழுதியதுதான் என் மடத்தனம். ஒரு கேர்னல் அப்டேட்டோடு எண்கள் மாறின. இப்போது ஸ்கிரிப்ட் வரிசையின் பெயரைத் தேடித்தான் எண்ணை எடுக்கிறது. இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குத் தானாகப் பங்கிடும் ஐஆர்க்யூ பேலன்ஸையும் நிறுத்திவிட்டேன். பல வேலை செய்யும் சேர்வருக்கு அது நல்லது. கேட்வே மட்டும் என்றால் நான் கட்டியதை அது அவிழ்த்துக்கொண்டே இருந்தது.

கார்ட்டில் இதுவரை குறை இல்லை. கடல் காற்றுக்கு ஒரு போர்ட்டின் ஓரம் துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். குரல் வெட்டினால் சேர் இன்றும் லைன் என்றுதான் சொல்வார். போன கிழமை உண்மையிலேயே லைன்தான்.