புதிய பிளாஸ்டிக் கிட் என்ற பெயரில் ரெசின் நகல்: 28 மி.மீ. படை திரட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மில்லிமீட்டர் உயர உருவங்களால் ஆன படை ஒன்றைத் திரட்டிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக இங்கிலாந்தில் இருந்துகொண்டு சிறிய இணையக் கடைகளில் கிட் (வெட்டி ஒட்டிச் சேர்க்கும் உருவப் பாகங்களின் தொகுப்பு) வாங்குபவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற மார்ச் மாதம் 148 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய “புத்தம் புதிய கெட்டி பிளாஸ்டிக்” பிரெஞ்சுக் காலாட்படை, அசல் கிட்டைச் சிலிகோன் அச்சில் பதித்து எடுக்கப்பட்ட திருட்டு ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவிடும் செயற்கைப் பிசின்) வார்ப்பாக இருந்தது. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. கடையின் பெயரை ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம். சரக்கின் குணத்தை மாற்ற முடியாது. ஆகவே சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

1815-இல் வாட்டர்லூ போர் நடந்த ஜூன் 18-ஆம் நாளை ஒட்டி எங்கள் குழு ஆண்டுதோறும் பெரிய மேசையில் அந்தப் போரை ஆடுவது வழக்கம். இந்த ஆண்டு பிரெஞ்சுப் படையின் ஆறு பட்டாலியன்களை நான் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். 1808-ஆம் ஆண்டு பிப்ரவரி ஆணைக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுப் பட்டாலியனில் ஆறு கம்பெனிகள் இருந்தன: கிரனேடியர் (சிவப்புத் தோளணி அணிந்த தேர்ந்த வீரர்கள்) ஒன்று, வோல்டிஜர் (முன்னே சிதறி நின்று சுடும் இலகு வீரர்கள்) ஒன்று, ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்கள்) நான்கு. பட்டாலியனுக்கு 24 உருவங்கள் என்று வைத்தால் கம்பெனிக்கு நான்கு பேர், மொத்தம் 144 பேர். அந்தக் கடை விற்ற தொகுப்பில் நான்கு பெட்டிகள். பெட்டிக்கு ஆறு ஸ்ப்ரூ சட்டங்கள் (உருவங்களின் பாகங்கள் ஒட்டியபடியே வார்க்கப்பட்டு வரும் பிளாஸ்டிக் சட்டகங்கள்). சட்டத்துக்கு ஆறு உருவங்கள். ஒரு சட்டம் கிரனேடியர்களுக்கு, ஒன்று வோல்டிஜர்களுக்கு, மற்ற நான்கும் ஃபியூசிலியர்களுக்கு. கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் என்னை அவசரப்படுத்தியது என்று இப்போது நினைக்கிறேன்.

வந்து சேர்ந்ததில் பெட்டியே இல்லை. நான்கு ஒளிபுகும் பைகளில் சட்டங்களை அடுக்கி, போக்குவரத்துச் செலவைக் குறைப்பதற்காகப் பெட்டிகளை நீக்கிவிட்டதாக ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார்கள். அதை நம்பி அலமாரியில் வைத்துவிட்டேன். இருபது நாள் கழித்துத்தான் பைகளைப் பிரித்து எண்ணினேன். 24 சட்டங்களுக்குப் பதில் 22 இருந்தன. குறைந்த இரண்டுமே கிரனேடியர் சட்டங்கள். மூன்று பட்டாலியன்களுக்குச் சிவப்புத் தோளணி அணிந்த ஒருவர்கூட இல்லாமல் போனார்கள்.

எண்ணிக்கைக் குறைவைக் கவனப்பிழை என்று மன்னித்திருப்பேன். முதல் சட்டத்திலிருந்து ஒரு வீரனை வெட்டி எடுத்து, கால்களுக்கும் உடலுக்கும் இடையே பிளாஸ்டிக் சிமென்ட் தடவி ஐந்து நிமிடம் பிடித்திருந்தும் ஒட்டவில்லை என்றபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. பிளாஸ்டிக் சிமென்ட் பசை அன்று. அது கெட்டி பிளாஸ்டிக் கிட்டுகளின் பொருளான பாலிஸ்டைரீனைக் கரைக்கும் கரைப்பான். இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். காய்ந்தபின் அந்த இடம் பற்றவைத்ததுபோல ஒரே பொருளாகிவிடும். பாலியூரிதேன் ரெசினை அது கரைப்பதில்லை. ஈரமாகக் கிடந்து உலர்ந்துபோகிறது. ரெசினுக்குச் சூப்பர் குளூதான் வேண்டும்.

எங்கள் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உருவங்களை வண்ணமடித்துவரும் மூத்த நண்பர் ஒருவரிடம் அந்தச் சட்டங்களைக் கொண்டுபோனேன். அவர் முதலில் உருவங்களைப் பார்க்கவே இல்லை. உருவங்களைத் தாங்கும் சட்டத்தின் தண்டைத்தான் பார்த்தார். எஃகு அச்சில் அழுத்தத்துடன் உருக்கிச் செலுத்தப்பட்ட பிளாஸ்டிக்கில், தண்டின் மேல் இருக்கும் பாக எண்களும் நிறுவனக் குறியும் விளிம்பு கூர்மையாக எழுந்து நிற்கும். என் சட்டங்களில் அந்த எண்கள் சோப்பில் தேய்ந்த எழுத்துபோல மழுங்கியிருந்தன. நிறுவனக் குறி இருக்கவேண்டிய இடம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. தண்டின் அடிப்புறத்தில் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குமிழித் துளைகள் இருந்தன. பிறகு கத்தியின் விளிம்பால் தண்டைச் சுரண்டிக் காட்டினார். பாலிஸ்டைரீன் என்றால் பென்சில் சீவியதுபோலச் சுருள் வரும். எனக்கு வந்தது மாவு. கடைசியாக ஒரு துப்பாக்கியின் நுனியைச் சுடுநீரில் அரை நிமிடம் வைத்து விரலால் அழுத்தியதும் அது நாணல்போல வளைந்தது. நல்ல பாலிஸ்டைரீன் அந்த வெப்பத்தில் அப்படி இளகாது. இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் உருவத்தைத் தொடாமல் தண்டிலேயே, அல்லது தேவையற்ற ஓர் உதிரிப் பாகத்திலேயே செய்துவிடலாம். முதல் நாளே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ரெசின் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. எஃகு அச்சு இரு பாதிகளாக நேராகப் பிரிய வேண்டியிருப்பதால் உள்வாங்கிய வளைவுகளை அதில் வார்க்க முடியாது. கெட்டி பிளாஸ்டிக்கில் கைக்கு அடியில் போகும் தோள்பட்டை வார்கள் கரைந்து மறைவது அதனால்தான். வளைந்துகொடுக்கும் சிலிகோன் அச்சுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே நேர்மையாகச் செய்யப்பட்ட ரெசின் உருவத்தில் நுணுக்கம் அதிகமாகவே இருக்கும். ஆனால் பிளாஸ்டிக் உருவத்தின் நகலில் இரு பக்கத்துக் குறைகளும் சேர்ந்துவிடுகின்றன. பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இழந்த நுணுக்கம் திரும்பி வருவதில்லை. அதன்மேல் குமிழியும் வளைவும் சுருக்கமும் வந்து சேர்கின்றன. என்னிடம் இருந்த அசல் கிட்டின் ஒரு வீரனை அருகில் நிறுத்தி வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். பாதத்திலிருந்து கண்மட்டம் வரை அசல் 28 மில்லிமீட்டர், நகல் 27.2. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அசல் தலையை நகல் கழுத்தில் பொருத்தினால் உட்காரவில்லை. வரிசையில் நிறுத்தினால் துப்பாக்கிகளின் உயரம் ஏறி இறங்குகிறது.

சீருடையும் பொய்யாக இருந்தது. 1815-க்கு உரிய படை என்றே விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். 1812-ஆம் ஆண்டின் விதிமுறைக்குப் பிறகு பிரெஞ்சுக் காலாட்படையின் சட்டை, மார்புப் பட்டி இடுப்புவரை மூடி, பின்வால் குட்டையாக வந்தது. என் பைகளில் இருந்த ஐந்து சட்டங்களின் வீரர்கள், வயிற்றருகே விலகி வெள்ளை உள்சட்டை தெரியும் பழைய நீள்வால் சட்டை அணிந்திருந்தார்கள். கைக்குக் கிடைத்த இரண்டு வெவ்வேறு கிட்டுகளை நகலெடுத்து ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். வாட்டர்லூவை ஆடுபவர்களுக்கு இது சிறிய பிழை அன்று. பழைய சட்டை ஏதோ ஒரு மூலையில் தப்பியிருக்கலாம் என்று வாதாடலாமே தவிர, முழுக் கம்பெனிகளையே அப்படி நிறுத்த முடியாது.

பணத்தைவிட எனக்கு அதிகக் கோபம் தந்த விஷயம் ஒன்று உண்டு. பாலிஸ்டைரீன் என்று நம்பியதால் முகமூடி இல்லாமல், சமையலறை மேசையில், பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வார்ப்புக் கோடுகளை அரத்தால் தேய்த்தேன். ரெசின் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள். ரெசினைத் தேய்ப்பவர்கள் நீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். தூசு வடிகட்டும் முகமூடி அணிவார்கள். இடத்தை ஈரத்துணியால் துடைப்பார்கள். என்ன பொருள் என்பதை மறைத்து விற்பவர் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே வாங்குபவரிடமிருந்து பறிக்கிறார்.

கடைக்கு எழுதியபோது, தாம் ஒரு தனிநபர் என்றும் திரும்பப் பெறுவதில்லை என்றும் பதில் வந்தது. ஒரே தொகுப்பைப் பல எண்ணிக்கையில் தொடர்ந்து விற்பவர் வணிகரே. வணிகர் இணையத்தில் விற்றதை, பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய பிரிட்டனின் 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சோதிக்கத் தேவையான அளவுக்கு மேல் கையாண்டால் திரும்பவரும் தொகை குறையலாம் என்பதால் ஸ்ப்ரூ சட்டங்களை வெட்டிவிடாதீர்கள். நான் அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தேன். எனினும், விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுத் தொகையையும் கேட்கும் உரிமையை 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தருகிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை.

என்னைக் காப்பாற்றியது கடன் அட்டை. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவரோடு அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். நான்கு பெட்டிகளையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் ஒவ்வொன்றும் 100 பவுண்டுக்குக் கீழே போய் இந்த வழி அடைபட்டிருக்கும். ஒரே தொகுப்பாக 148 பவுண்டுக்கு விலையிட்டிருந்ததால் திறந்திருந்தது. இடையில் வேறு பணச் சேவை வழியாகச் செலுத்தினாலும் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகக்கூடும். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, ஸ்ப்ரூ சட்டங்களின் நெருக்கப் படங்கள், காலிப்பர் அளவு, கடிதங்கள் ஆகியவற்றை அனுப்பினேன்; ஏழு வாரம் கழித்து முழுத் தொகையும் வந்தது. ஜூன் ஆட்டத்துக்கு நண்பர்கள் ஆளுக்கு ஒரு பட்டாலியனாக இரவல் கொடுத்தார்கள்.

சென்ற வாரம் அதே தொகுப்பு வேறொரு கடைப் பெயரில், 135 பவுண்டுக்கு, மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்கள் அனைத்தும் வண்ணமடித்து முடித்த வீரர்களுடையவை. வண்ணமடிக்காத சட்டத்தின் படம் ஒன்றுகூட இல்லை. முதல் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் மேளக்காரனின் ஒரு மேளக்கோல் பாதியில் ஒடிந்திருக்கும். அந்தப் படத்தைக் கண்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பைகளைத் திறந்து சட்டங்களை இன்றே எண்ணுங்கள், தண்டைச் சுரண்டிப் பாருங்கள், பொருள் வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.