மூடியோடு இரண்டு வருடம்

ஷட்டர் திரையில் விழுந்த ஓட்டையை அடைத்துக் கேமரா திரும்பி வந்த அன்றே தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, எம்6 வாங்கலாம்னு இருக்கேன், எப்படி?" வாங்காதே என்றேன். காரணத்தை வாட்ஸப்பில் தட்ட ஆரம்பித்து நீண்டுவிட்டது, அதனால் இங்கே.

என்னிடம் இருப்பது லைக்கா கம்பெனி 2022-ல் மறுபடி கொண்டுவந்த எம்6 ஃபிலிம் கேமரா, கூட ஒரு 35 மி.மீ. லென்ஸ். விலை, எடையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிரச்சினை ஒரே ஒரு பொருளோடு: லென்ஸ் மூடி.

லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்.எல்.ஆர் கேமராவில் மூடியைக் கழற்ற மறந்தால் கண்ணுக்கு இருட்டுதான் தெரியும். எம்6 ரேஞ்ச்ஃபைண்டர் வகை. இதில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, ஓரத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. மூடி போட்டிருந்தாலும் உலகம் பளிச்சென்று இருக்கும், ஃபோகஸ் சேரும், ஷட்டரும் சமர்த்தாக விழும்.

போன வருடம் திருக்கடையூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். கலசத் தண்ணீர் தெறிக்கிறதே என்று நடுவில் மூடியைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து, மாமா நனைந்த வேட்டியோடு குறுகி உட்கார்ந்தபடி அத்தையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கேமராவைத் தூக்கி ஒன்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் ட்ரை-எக்ஸ் ஃபிலிமைக் கழுவி, டேங்கிலிருந்து உருவிப் பார்த்தால் நடுவில் ஒன்பது ஃப்ரேம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கிறது. "இன்னும் ஸ்கேன் பண்ணலை" என்று அத்தையிடம் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேமரா மேல் பழி போட முடியாது. ஷட்டர் திரையில் உள்ள வெள்ளை வட்டத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் அதன் லைட் மீட்டர் அளக்கிறது. மூடி இருந்தால் நாம் பார்க்கும் ஜன்னலுக்குள் (வ்யூஃபைண்டர்) அடியில் சிவப்பு முக்கோணம் கதறும். நான்தான் உள்ளங்கையில் விழும் வெளிச்சத்தை ஒருமுறை அளந்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே திரும்பாத ஆள்.

கோபத்தில் மூடியை டிராயரில் வீசினேன். நாலு மாதம் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் காசிமேட்டில், ஏலக் கூடத்து நிழலில் லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எஃப் 2-வில் எடுத்துக்கொண்டிருந்தவன், வெளியே வந்து கேமராவைப் படகு விளிம்பில் மல்லாக்க வைத்துவிட்டு டீ குடித்தேன். மணி பதினொன்று, மே மாதம். எஸ்.எல்.ஆர் என்றால் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி வெயிலைத் தடுக்கும். இதில் லென்ஸுக்குப் பின்னால் நேராக ரப்பர் பூசிய துணித் திரைதான். பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்த பையன்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். அடுத்த ரோலில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் படத்தில் அதை நிலா என்று நினைத்தேன், பட்டப்பகலில்.

பழுது பார்ப்பவர் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசி முனை அளவு ஓட்டை. கறுப்பு ரப்பர் கலவையில் ஒரு சொட்டு வைத்து அடைத்தார். கேமராவைக் கையில் கொடுக்கும்போது, "மூடி வரலையா சார்?" என்றார்.

விற்றுத் தொலைக்கலாம். ஆனால் போன வாரம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வ்யூஃபைண்டர் நடுவில் இருக்கும் சின்னக் கட்டத்துக்குள் அவள் மூக்குத்தி இரண்டாகத் தெரிந்தது. ஃபோகஸ் வளையத்தை விரலால் நகர்த்த நகர்த்த இரண்டும் நெருங்கி, ஒன்றாகி, 'டக்'கென்று நின்றது. படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோட்டுக்கு வெளியே, தெருவிலிருந்து ஆட்டுக்குட்டி ஒன்று வந்துகொண்டிருப்பதும் தெரிந்தது. அது கோட்டைத் தாண்டி உள்ளே வரும்வரை காத்திருந்து எடுத்தேன். பாட்டிக்கு எடுத்ததே தெரியவில்லை. இந்த ஒரு சுகத்துக்காக இன்னும் எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் அடைப்பேன்.

ஆனாலும் தம்பி, நீ வாங்காதே. "அப்போ நீங்க குடுக்கிறீங்களா?" என்று என்னிடமும் கேட்காதே.

மூடி திரும்ப லென்ஸுக்கே வந்துவிட்டது. நான் கேமராவைத் தூக்கினாலே "மூடி!" என்று கத்த மகளைப் பழக்கியிருக்கிறேன். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கத்துகிறார்கள். சமீபத்திய குடும்பப் படங்களில் பாதிப் பேருக்கு வாய் 'டி'-யில் விரிந்து நிற்கிறது.